கழுமரமும் கல்வெட்டும்

(வரலாற்று வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மதுரையில் எண்ணாயிரம் சமணர்கள் கழுவேற்றப்பட்டார்களா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு பார்வை வரும்: இந்த ஆள் எந்தப் பக்கம்? அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. ஏழாம் நூற்றாண்டு மதுரையில் சைவரும் சமணரும் கைகோத்து நடந்தார்கள் என்பதையும் ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. நம் தாத்தா காலத்தில் இதைப் பெருமையாகச் சொன்னவர்கள் சைவர்கள். பொற்றாமரைக் குளத்து மண்டபத்தில் திருவிளையாடல் ஓவியங்களைக் காட்டும்போது இதையும் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். இன்று அவர்களில் பலர் 'அப்படியொன்று நடக்கவே இல்லை' என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் புராணத்தின் ஒரு வரியையும் நம்பாத பகுத்தறிவாளர்கள் இந்த ஒன்றை மட்டும் எழுத்துக்கு எழுத்து நம்புகிறார்கள். வைகையில் ஏடு எதிரேறிப் போனதை நம்பாதவர், அதே புலவர் அடுத்துச் சொல்லும் எண்ணாயிரத்தை எந்தக் கணக்கில் நம்புகிறார்? ஏடு ஏறியதை மெய்யென்று கும்பிடுகிறவர், கழு மட்டும் கற்பனை என்று எப்படிப் பிரிக்கிறார்? இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் இந்த நிகழ்ச்சி இன்றும் உண்டு. அழைப்பிதழில் 'சைவ சமய ஸ்தாபித வரலாற்று லீலை' என்று அச்சாகிறது. வரலாறும் லீலையும் ஒரே தொடரில் வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பாண்டியன் சமணத்தில் இருக்கிறான். அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையும் திருமறைக்காட்டில் இருந்த ஞானசம்பந்தரை மதுரைக்கு அழைக்கிறார்கள். சமணர்கள் அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கிறார்கள். அந்தத் தீ வெப்புநோயாகி மன்னனைப் பிடிக்கிறது. சம்பந்தர் திருநீறு பூசித் தீர்க்கிறார். பிறகு தீயில் ஏடு இடும் வாதம், ஆற்றில் ஏடு விடும் வாதம். தோற்றவர்கள் கழுவேறுகிறார்கள். மன்னனின் கூன் நிமிர்ந்து அவன் நெடுமாறன் ஆகிறான்.

இதில் எந்தத் துண்டு எப்போது முதன்முதலாக எழுத்தில் வருகிறது? வேறெதையும் கேட்பதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். அவருடைய பதிகங்களே நம் கையில் இருக்கின்றன. ஒருவர் வாழ்ந்த காலத்துச் சொல் இவ்வளவு கிடைப்பது அரிது. அந்தப் பதிகங்களில் மங்கையர்க்கரசி பெயர் சொல்லிப் பாடப்படுகிறார், குலச்சிறையும் பாடப்படுகிறார். சமணர் வைத்த தீ பாண்டியனிடம் போகட்டும் என்று ஒரு பதிகம் கேட்கிறது. திருநீற்றுப் பதிகத்தின் கடைசிப் பாடலில் தென்னன் உடலில் பற்றிய தீப்பிணி வருகிறது. திருவேடகப் பதிகத்தில் ஏடு போய்ச் சேர்ந்த செய்தி வருகிறது. அதாவது தீ, நோய், ஏடு மூன்றுக்கும் அவர் வாக்கிலேயே சுவடு இருக்கிறது. கழுவுக்கு இல்லை. சமணர்களை வாதில் வென்று ஒழிக்கச் சிவனிடம் ஒப்புதல் கேட்கிறார். ஏறக்குறைய ஒவ்வொரு பதிகத்திலும் பத்தாம் பாடலைச் சமணரையும் பௌத்தரையும் ஏசுவதற்கென்றே ஒதுக்குகிறார். ஆனால் கழுவேற்றத்தைச் சொல்லவில்லை. சின்னச் சின்ன வெற்றிகளையெல்லாம் பாட்டில் வைத்தவர், இவ்வளவு பெரியதை விட்டிருப்பாரா?

அடுத்த நூற்றாண்டில் சுந்தரர் வருகிறார். திருத்தொண்டத்தொகையில் அடியார்களை ஒவ்வொருவராக, ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுத்து எண்ணிச் செல்கிறார். நெடுமாறனுக்கு அவர் கொடுக்கும் அடையாளம் என்ன தெரியுமா? நெல்வேலிப் போரில் வென்றவன் என்பது. சமணரை ஒழித்தவன் என்பது அல்ல. இந்த நெடுமாறனைத்தான் அரிகேசரி மாறவர்மன் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். காரணம், அவன் கொள்ளுப்பேரன் பராந்தக நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேட்டிலும் அதே நெல்வேலி வெற்றி வருகிறது. சம்பந்தருக்கு நூறாண்டுக்குப் பின் எழுதிய செப்பேடு அது. இரணியகருப்பம் செய்தான், துலாபாரம் செய்தான் என்று அரிகேசரியின் தர்மங்களை வரிசையாகச் சொல்கிறது. கழுவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செப்பேடு சொல்லவில்லை என்பதால் மட்டும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அரசர்கள் எத்தனையோ செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் செப்பேடு எதைப் பற்றியது என்று பாருங்கள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி ஒரு பிராமணருக்குக் கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோனது. அதைத் திருப்பித் தரும் பத்திரம் இது. வைதிகம் இழந்ததை மீட்டுக்கொடுக்கும் ஆவணத்தில், முன்னோன் ஒருவன் சமணத்தை வேரறுத்திருந்தால் அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அங்கே மௌனம் என்றால் அந்த மௌனத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு.

கழு முதன்முதலாக எங்கே நடப்படுகிறது? நம்பியாண்டார் நம்பியின் பாடல்களில். சம்பந்தருக்குப் பின் முந்நூறு ஆண்டுக்கு மேல் கடந்த பிறகு. திருமுறைகளைத் தொகுத்த அந்த நம்பிதான். அவர் தயங்கவில்லை. சம்பந்தரின் பெருமைகளில் ஒன்றாக, அடைமொழி போல, சமணரைக் கழுவேற்றியதைச் சொல்லிக்கொண்டு போகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணியில் அதை விரிக்கிறார். அதே நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

நம்பியை ராஜராஜ சோழனோடு சேர்த்தே மரபு சொல்லும். அந்த ராஜராஜனின் அக்காள் குந்தவை என்ன செய்துகொண்டிருந்தார்? தாதாபுரத்தில் சிவனுக்கு ஒரு கோயில், திருமாலுக்கு ஒரு கோயில், கூடவே ஒரு சினாலயம். போளூருக்குப் பக்கத்துத் திருமலையில் இன்னொரு குந்தவை சினாலயம். சமணரைக் கழுவேற்றியதாகப் பாட்டு பாடப்படும் காலத்தில், பட்டத்துக் குடும்பத்துப் பெண் சமணருக்குக் கோயில் எடுக்கிறார்! பாட்டில் இருக்கும் பகையும் ஊரில் இருக்கும் பழக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பகை வாய்மொழியில் தடித்துக்கொண்டே போகும்போது, அன்றாடம் வேறு வழியில் நடக்கலாம்.

சேக்கிழாரை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் அநபாய சோழன் அவையில் அமைச்சர். சட்டம் தெரிந்தவர். நம்பி ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போன இடத்தில், சேக்கிழார் வழக்குக் கட்டு கட்டுவது போல ஒவ்வொரு தாளாக அடுக்குகிறார். முதலில், மடத்துக்குத் தீ வைத்த குற்றம். பிறகு, தோற்றால் எங்களை மன்னன் கழுவேற்றட்டும் என்று சமணர்களே வாய்விட்டு ஒப்புக்கொண்ட பந்தயம். பிறகு தோல்வி. பிறகு மன்னன் ஆணை. இத்தனைக்கும் பிறகும் சேக்கிழாருக்கு மனம் ஆறவில்லை. சம்பந்தரிடம் பகை இல்லை என்று சொல்கிறார். பகை இல்லாவிட்டாலும், சைவர் வாழும் மடத்துக்குத் தீங்கு செய்தவர்கள் என்பதால் மன்னன் செய்ததை விலக்காமல் இருந்தார் என்று சொல்கிறார். இந்த ஒரு பாட்டில் புலவர் வியர்ப்பது எனக்குத் தெரிகிறது. குழந்தையாக ஞானப்பால் உண்டவர் முன்னால் இத்தனை உயிர் போகிறது. அவர் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை? கேட்பவர் மனத்தில் எழும் கேள்வியைச் சேக்கிழார் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்.

ஐரோப்பியத் திருத்தொண்டர் வரலாறுகளை ஆராய்பவர்களிடம் ஒரு வாதம் உண்டு. சொல்பவருக்கே சங்கடம் தருகிற செய்தி என்றால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம், இல்லையென்றால் ஏன் சொல்ல வேண்டும் என்பார்கள். அப்படியானால் சேக்கிழாரின் சங்கடமே கழுவுக்குச் சாட்சியா? நான் அப்படி நினைக்கவில்லை. சேக்கிழாருக்குச் சங்கடம் தந்தது ஏழாம் நூற்றாண்டின் நிகழ்ச்சி அல்ல, பதினொன்றாம் நூற்றாண்டின் பாட்டு. நம்பி பாடி, அது திருமுறைக்குள் ஏறிவிட்டது. அதை விடவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது. சங்கடம் நிரூபிப்பது அவர் கைக்கு ஒரு கதை வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே.

இனி அந்த எண். எண்பெருங்குன்றத்து எண்ணாயிரவர் என்றே சேக்கிழார் சேர்த்துச் சொல்கிறார். மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகள் எட்டு. பரங்குன்றம், ஆனைமலை, அழகர்மலைப் பக்கத்து இருங்குன்றம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குன்றுக்கு ஆயிரம் வீதம் எண்ணாயிரம். யாரும் தலை எண்ணிப் போட்ட கணக்கு மாதிரி இது இல்லை. பழைய தமிழகத்தில் எண்ணே குழுவின் பெயராக நின்ற வழக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். தில்லை மூவாயிரவர் என்றால் தீட்சிதர்களை நிறுத்தி எண்ணினால் மூவாயிரம் வரும் என்று பொருள் அல்ல. ஐந்நூற்றுவர் என்பது கடல் கடந்து வாணிகம் செய்த பெருங்குழுவின் பெயர். விழுப்புரம் பக்கத்தில் எண்ணாயிரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த வேதக் கல்லூரி அங்கே நடந்தது.

இதைவிட என்னை உட்காரவைத்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. நாலடியார் பிறந்த கதை. பஞ்சத்தில் பிழைக்க எண்ணாயிரம் சமண முனிவர்கள் பாண்டியனிடம் வந்து தங்குகிறார்கள். பஞ்சம் தீர்ந்ததும் ஊர் திரும்ப விடை கேட்கிறார்கள். அரசனுக்கு அனுப்ப மனமில்லை. அவர்கள் ஓர் இரவில், ஆளுக்கொரு வெண்பா எழுதி இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். கோபித்த அரசன் அந்த ஏடுகளை வைகையில் எறியச் சொல்கிறான். நானூறு ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்து கரையேறுகின்றன. அதே மதுரை, அதே பாண்டியன், அதே எண்ணாயிரம், அதே வைகை, எதிரேறும் அதே ஏடு. ஒரு கதையில் சைவ ஏடு ஏறிச் சமணர் சாகிறார்கள். மற்றொன்றில் சமண ஏடு ஏறிச் சமணர் பிழைத்துப் போகிறார்கள். எது முந்தியது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டு சமயத்தாரும் ஒரே பொருள்களை எடுத்து, தத்தமக்கு வேண்டிய கதையைக் கட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் கண்கூடு. 'எண்ணாயிரம்' மதுரையில் சமணரோடு ஒட்டியே இருந்த எண். கழுவுக்காக எண்ணப்பட்டது அல்ல.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் புனித உர்சுலாவோடு 11,000 கன்னியர் கொல்லப்பட்டதாக ஒரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அங்குள்ள மிகப் பழைய கல்வெட்டில் கன்னியர் உயிர் கொடுத்ததாக மட்டும் இருக்கிறது. உர்சுலா பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. எண் பின்னால் வந்தது; பதினொன்று என்பதற்கு அருகில் நின்ற ஓர் எழுத்துக் குறியை ஆயிரமாகப் படித்துவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் ஊகம். 1106-இல் நகர மதிலை விரிக்கத் தோண்டியபோது பழைய ரோமானிய இடுகாடு ஒன்று வெட்டுப்பட்டது. எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. கன்னியர் கிடைத்துவிட்டார்கள் என்று ஊரே கொண்டாடியது. அவற்றில் ஆண்களின் எலும்பும் குழந்தைகளின் எலும்பும் இருந்தன. அதற்கும் ஒரு கதை உடனே தயாரானது.

இப்படிப்பட்ட கதைகளைக் களையெடுக்கும் வேலையைக் கத்தோலிக்கப் பாதிரிகளே செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பொலாந்தியர் என்று அழைக்கப்பட்ட இயேசு சபையினர் 1643-இல் ஆண்ட்வெர்ப்பில் புனிதர் வரலாறுகளின் முதல் தொகுதிகளை அச்சிட்டார்கள். எந்தச் சுவடி எந்த நூற்றாண்டு, எது எதிலிருந்து எடுத்தது என்று பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். 1695-இல் ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் அவர்கள் நூல்களைத் தடை செய்தது. தம் சபை எலியா தீர்க்கதரிசி காலத்திலிருந்தே வருகிறது என்ற கார்மேல் சபைத் துறவிகளின் பெருமையில் அவர்கள் கை வைத்ததுதான் காரணம். தன் வீட்டுக் கதையைத் தானே சோதிக்கிறவனுக்கு அடி முதலில் வீட்டிலிருந்துதான் விழும்.

பொலாந்தியர் தேறியவை என்று ஏற்றவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். கி.பி. 180, ஜூலை 17, கார்த்தேஜ். ஆளுநர் முன் பன்னிரண்டு எளிய கிறிஸ்தவர்கள் நிறுத்தப்படுகிறார்கள். பதிவு இரண்டு பக்கம்கூட இருக்காது. உங்கள் பெட்டியில் என்ன என்று ஆளுநர் கேட்கிறார். புத்தகங்களும் பவுல் என்ற நல்லவரின் கடிதங்களும் என்கிறார்கள். யோசிக்க முப்பது நாள் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்கிறார்கள். தீர்ப்பு, வாள். அவ்வளவுதான். வானம் திறக்கவில்லை, சிங்கம் காலை நக்கவில்லை. கொல்லத் தீர்மானித்தவனும் அவகாசம் தந்து பார்க்கிற மனிதனாகவே இருக்கிறான். பிற்காலத்துக் கதைகளில் இதே ஆளுநர் பல்லைக் கடிக்கும் அரக்கன் ஆகிவிடுவான். நடந்தது எப்படி இருக்கும் என்பதற்கு என் காதில் இந்தச் சலிப்பான அலுவலகக் குரல்தான் கேட்கிறது.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. அருளானந்தர் என்று தமிழர் அழைத்த பாதிரி ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். இதை யாரும் மறுக்க முடியாது. கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. மதுரை மிஷனில் அவரோடு வேலை செய்தவர்கள் அந்த நாட்களிலேயே எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. காரணமும் தெரிகிறது. மறவர் சீமையில் தடியத்தேவர் என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அந்தப் பெண்ணின் முறையீடும், தடியத்தேவருக்கு அரசுரிமையில் இருந்த பிடிமானமும் சேர்ந்து அரண்மனையில் தீ பற்றியது. சமயத்துக்காக உயிர் விட்டவர் என்பதும் உண்மை. அதற்குள் குடும்பச் சண்டையும் வாரிசு அரசியலும் இருந்தன என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. ஓரியூர் மண் சிவந்தது அவர் இரத்தத்தால் என்று பக்தர்கள் அள்ளிப்போவது கதைப் பகுதி. மண் கதையைத் தள்ளினாலும் கொலை அப்படியே நிற்கிறது. மதுரைக் கதையில் அற்புதத்தைத் தள்ளினால், கழுவைத் தாங்க அதற்குக் கீழே ஒரு கடிதமும் இல்லை.

சம்பந்தர் காலத்துக்குப் பின் சமணர்கள் என்ன ஆனார்கள்? மதுரைப் பக்கத்தில் ஏழாம் நூற்றாண்டில் அவர்கள் வேரோடு போயிருந்தால், எட்டிலும் ஒன்பதிலும் அங்கே யார் சிற்பம் செதுக்கினார்கள்? கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்பொடவும் பேச்சிப்பள்ளமும் ஏறிப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். தீர்த்தங்கரர்களின் காலடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள் இருக்கின்றன. கழுகுமலையில் அப்படிப்பட்ட கல்வெட்டுகள் ஏறத்தாழ நூறு. ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 என்று தேதியோடு ஒரு சமணக் கல்வெட்டு. இரண்டாம் வரகுண பாண்டியன் எப்போது பட்டமேறினான் என்று நாம் கணக்குப் போடுவதே அதை வைத்துத்தான். சித்தன்னவாசலை ஒன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் பெயர் இளங்கௌதமன். கல்வெட்டு அவரை மதுரை ஆசிரியன் என்கிறது. எந்த மதுரையில் சமணரே மிஞ்சவில்லை என்று கதை சொல்கிறதோ, அந்த மதுரையிலிருந்து இருநூறு ஆண்டு கழித்து ஒரு சமண ஆசிரியர், பாண்டியன் ஆட்சிக்குள்ளேயே கோயில் புதுக்குகிறார்.

சமண நூல்களும் பேசவில்லை. சீவக சிந்தாமணி வந்தது, யாப்பருங்கலம் வந்தது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலும் வந்துவிட்டது. நீலகேசி எல்லாச் சமயத்தாரோடும் மல்லுக்கு நிற்கிற நூல். அதிலும் மதுரைக் கழுவுக்கு ஒரு புலம்பல் இல்லை. உலகெங்கும் வதைக்கப்பட்டவர்கள்தான் வதையை நினைவில் வைத்திருப்பார்கள். இங்கே வதைத்தோம் என்கிறவர்கள் பாடுகிறார்கள், வதைபட்டவர்களாகச் சொல்லப்படுகிறவர்கள் வாய் திறக்கவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை வரலாறாகக் கொள்ள மறுத்ததில் வியப்பில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் சைவத்துக்கு வக்காலத்து வாங்கியதாக ஆகும். அது என் வேலை இல்லை. அந்தப் பத்தாம் பாடல்களை ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பாருங்கள். உடையைப் பழிப்பது, உண்ணும் முறையைப் பழிப்பது, குளிக்காததைப் பழிப்பது. கோயிலில் கூட்டமாகப் பாடப்பட்ட பாடல்கள் இவை. தொண்டரடிப்பொடியாழ்வார் ஒரு பாட்டில் தலையை அறுப்பதே தக்கது என்ற அளவுக்குப் போகிறார். இந்தக் காற்றில் யாரும் அடிபடவில்லை, எந்தப் பள்ளியும் எரியவில்லை என்று எவராவது சொன்னால் நம்ப மாட்டேன். ஆனால் பெரிய இழப்பு பொறுமையாக, பத்திரப் பதிவோடு நடந்தது. பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்டதாக இருந்த நிலம் மெல்லக் கைமாறியது. பரங்குன்றத்தின் தென்புறக் குடைவரை பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவன் கோயிலானது. சிதறால் மலைப்பள்ளி பகவதி கோயிலானது. கழுமரம் நடாமலே ஒரு சமயத்தைக் கிராமம் கிராமமாக அகற்றிவிட முடியும். எண்ணாயிரத்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருப்பதில், ஆவணம் உள்ள இந்த இழப்பு யார் கண்ணிலும் படாமல் போகிறது. கழுக்கதை பொய் என்று நிறுவிவிட்டால் சமணர் எதையும் இழக்கவில்லை என்று நிறுவியதாக நினைக்கிறவர்களுக்கும் இது சேர்த்துத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மேடைகளில் அதிகம் வராதது. அப்பர். சமணத்தில் இருந்து சைவத்துக்குத் திரும்பிய அவரைச் சமணர்கள் நீற்றறையில் இட்டார்கள், நஞ்சூட்டினார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்கிறது பெரியபுராணம். சம்பந்தருக்கு வைத்த அதே கேள்வியை இங்கேயும் வைப்போம். அவர் வாக்கில் எது இருக்கிறது? நமச்சிவாயப் பதிகத்தில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டாலும் என்று நிபந்தனையாக வருகிறது. அதை மட்டும் வைத்துக் கதை பின்னினார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் திருநீலக்குடிப் பதிகத்தில், கல்லோடு கட்டிச் சமணர் என்னை நீரில் தள்ளினார்கள், நான் பிழைத்தேன் என்று தன்மையிலேயே சொல்கிறார். நனிபள்ளிப் பதிகத்தில் பால்சோற்றில் கலந்து கொடுத்த நஞ்சைச் சொல்கிறார். நீற்றறைக்கும் யானைக்கும் இவ்வளவு நேரான சொல் இல்லை. கல் மிதந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அரச ஆதரவு சமணத்துக்கு இருந்த நாளில் ஒரு மனிதர் துன்புறுத்தப்பட்டதற்கு அவர் வாய்ச்சொல்லே இருக்கிறது. எண்ணாயிரம் சமணர்க்கு முந்நூறு ஆண்டு கழித்து வந்த பாட்டைச் சாட்சியாக ஏற்பவர், பாதிக்கப்பட்டவரே சொன்ன இந்தச் சாட்சியைத் தள்ளுவதற்கு என்ன நியாயம் வைத்திருக்கிறார்?

கடைசியாக, தமிழ்ச் சமணர்களே வைத்திருக்கும் நினைவு. அது மதுரையைப் பற்றியது அல்ல, செஞ்சியைப் பற்றியது. 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெஜட்டியரிலும் பதிவாகியிருக்கிறது. செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கர் உயர்குடியில் பெண் கேட்கிறார். பிராமணர்கள், சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று நழுவுகிறார்கள். சமணர்கள் சரி என்று நாள் குறிக்கிறார்கள். அந்த நாளில் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தவர் வீடு காலியாகக் கிடப்பதையும், பந்தலில் ஒரு பெண் நாய் கட்டியிருப்பதையும் பார்க்கிறார். கண்ட சமணர் தலையையெல்லாம் வெட்டச் சொல்கிறார். பலர் ஓடுகிறார்கள். பலர் நெற்றியில் திருநீறு பூசிச் சைவராகித் தப்புகிறார்கள்.

இதையும் நாம் சலிக்க வேண்டும். நடந்த ஆண்டு 1478 என்பார்கள். செஞ்சியில் நாயக்கர் ஆட்சி காலூன்றியது அதற்கு அடுத்த நூற்றாண்டில். பந்தலில் நாயைக் கட்டிவிட்டு ஊரே ஓடிப்போன கதையைத் தமிழ்நாட்டில் பல சாதியார் தங்கள் இடப்பெயர்வுக்குச் சொல்கிறார்கள். பெண் கேட்கும் அரசன் மட்டும் ஊருக்கு ஊர் மாறுவான். ஆக ஆண்டு நிற்காது, நாய் நிற்காது. ஆனால் நீறுபூசி வேளாளர் என்று ஒரு குழு அந்தப் பகுதியில் இருந்தது, அவர்கள் முன்னாளில் சமணர் என்பதும் சொல்லப்பட்டு வந்தது. அவர்கள் கற்பனை அல்ல. அச்சத்தாலோ வரிச்சுமையாலோ பிழைப்புக்காகவோ ஒரு கட்டத்தில் கூட்டமாக நெற்றி மாறியிருக்கிறது. எது என்று இன்னும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கழுவைத் தேடி மதுரைக்குப் போகும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். திண்டிவனத்தில் இறங்கி மேல்சித்தாமூர்ப் பக்கம் போங்கள். மடம் இருக்கிறது, சமணக் குடும்பங்கள் இருக்கின்றன, நிலப் பத்திரங்கள் இருக்கின்றன, பாட்டிகள் இருக்கிறார்கள். யார் எப்போது எந்த ஊரை விட்டுப் போனார்கள் என்று அவர்களிடம் கேட்டு, சுற்றியுள்ள பள்ளிச்சந்தக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விகள். முன்வரிசை ஐயா வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.